வாத்துப் படம் முடியும் வரை

மேற்கு ஜெர்மனி
14.3.1986

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி யோகராசா எழுதுவது. எனக்கு இருமல் விட்டுவிட்டது, மற்றப்படி குறையில்லை. நீங்களும் அத்தானும் மகள் றோசலினும் அந்தப் பனிக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்களா?

ஒரு சந்தோஷமான செய்தி. அம்மா கண் ஒப்பரேசனுக்காக மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போய், சண்முகலிங்கம் மாமா வீட்டில் நின்றிருக்கிறா. மாமாவின் மகன் அருமைராசா தங்கையின் கலியாணத்துக்கென்று துபாயிலிருந்து வீடியோக் கமராவோடு வந்திருக்கிறான். கலியாணத்தைப் பிடித்து முடித்த கையோடு, அதே கசெற்றின் கடைசியில் அம்மாவையும் இருத்திக் கதைக்க வைத்திருக்கிறான். இங்கே வந்த ஒருவரிடம் கசெற்றைக் கொடுத்துவிட்டார்கள். நேற்று என் கைக்குக் கிடைத்தது.

எங்கள் அகதி விடுதியின் பொது அறையில் ஒரு வீடியோ டெக் இருக்கிறது. கலியாணத்தை வேகமாக ஓட்டிவிட்டு அம்மாவைப் பார்த்தேன். நல்லாய் மெலிந்துவிட்டா. ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறது. முதலில் எனக்குத்தான் கதைத்தா. "தம்பி, பனிக்குள்ள தலைய மூடிக்கிட்டுப் போ. இஞ்ச ஒருத்தரும் உன்ன வரச்சொல்லி அழல்ல, பயப்படாம இரு" என்று அவவுடைய வழக்கமான கதை. பிறகு அருமைராசாவைப் பார்த்து, "நீ வெளிய போ மகன். எல்லாரும் போங்க. நான் என்ர மகளோட கதைக்கணும்" என்றா.

மகள் என்றா அக்கா. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "மலர்" என்று தொடங்கினா. அந்த இடத்தில் நிற்பாட்டி, கசெற்றைத் தொடக்கத்துக்கே சுற்றிவிட்டேன். அது உங்களுக்கு வந்தது. நீங்கள்தான் முதலில் கேட்க வேண்டும்.

வருகிற திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிடுகிறேன். அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள். றோசலினுக்கு என் முத்தம்.

உங்கள் தம்பி,
யோகராசா

*

மொன்ட்ரியால்-நோர்
2.4.1986

அன்புத் தம்பி யோகராசாவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். உன் இருமல் திரும்பவும் வராமல் பார்த்துக்கொள். மிளகு கிடைத்தால் அவித்துக் குடி.

உன் கடிதத்தைப் பிரித்தது வாசலில். கோட்டும் கழற்றவில்லை, சப்பாத்தும் கழற்றவில்லை. சப்பாத்துப் பனி உருகித் தரையெல்லாம் தண்ணீர். றோசலின் வந்து, "அம்மா, ஏன் நிக்கிற?" என்று கேட்ட பிறகுதான் உள்ளே வந்தேன்.

உனக்குத் தெரியாதது இல்லை. வேதக்காரரைக் கட்டினேன் என்று, சேர்ச்சில் எங்கள் கலியாணம் நடந்த அன்று அம்மா வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, "எனக்கு ஒரு மகன் மட்டும்தான்" என்று சொன்னாவாம். ஆறு வருசம். கனடாவுக்கு வந்து இரண்டு கடிதம் போட்டேன். இரண்டும் பிரிக்காமலே திரும்பி வந்தன. அதோடு எனக்கும் ரோசம் வந்துவிட்டது.

அத்தான் சொல்கிறார், "கசெற் வாறபோது வரட்டும். நீ இப்பவே மாமிக்கு ஒரு கடிதத்தப் போடன்" என்று. மாட்டேன் என்றுவிட்டேன். அவ சொன்னது என்னவென்று கேட்காமல் எதற்குப் பதில் எழுதுவது? கதவைச் சாத்திவிட்டு என்னை நல்லாய் ஏசியிருந்தாலோ? அவ வாயால் கேட்ட பிறகுதான் எழுதுவேன்.

எங்களிடம் டெக் இல்லை. மேல் வீட்டில் ஹெயிட்டி நாட்டு அம்மா ஒருவ இருக்கிறா. அவவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். "உன் அம்மா வருகிற அன்றைக்கு நான் கேக் செய்வேன்" என்று கையைப் பிடித்துச் சொன்னா. பதிவுத் தபாலில் அனுப்பு.

அன்புடன்,
அக்கா செல்வமலர்

*

மேற்கு ஜெர்மனி
25.5.1986

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். பதில் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம். உங்கள் மூவரின் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் என் பிரார்த்தனை.

இங்கே வேலை செய்ய விடமாட்டார்கள், பக்கத்து மாவட்டத்துக்குப் போகவும் விடமாட்டார்கள். சாப்பாடும் படுக்கையும்தான். ஆனால் லிண்ட்னர் அம்மா என்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்து எங்களுக்கு இலவசமாக ஜெர்மன் பாஷை படிப்பிக்கிறார். அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைக்காட்சியில் ஒரு பழைய படம் போட்டார்கள். அவர்தான் எங்களைப் பார்க்கச் சொன்னவர். உங்களுக்கும் சொன்னால் சிரிப்பீர்கள்.

உலக யுத்தம் முடிந்து சில வருசத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பெயரைத் தமிழில் சொன்னால் 'ஒரு வீடு, மூன்று சாவி'. குண்டு விழுந்து பாதி இடிந்த நகரம். வீடு பகிர்ந்து கொடுக்கிற கந்தோரில் ஒரு கிளாக்கர், பசியில் தலை சுற்றி, ஒரே வீட்டை மூன்று பேருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். சிறைமுகாமிலிருந்து திரும்பிய ஒரு சிப்பாய், இரண்டு பிள்ளைகளோடு ஒரு விதவை, ஒரு பாட்டு வாத்தியாரும் பெண்சாதியும். மூன்று பகுதியிடமும் சாவி இருக்கிறது. வெளியே போனால் மற்றவர்கள் பூட்டிவிடுவார்கள் என்று ஒருவரும் வெளியே போகிறதில்லை! நிலத்தில் சோக்கால் கோடு கிழித்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அடுப்பு விதவையின் பக்கம், தண்ணீர்க் குழாய் சிப்பாயின் பக்கம். அவ கோட்டுக்கு மேலால் கேத்தலை நீட்டுகிறா. அவன் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டு, வாடகையாக ஒரு கோப்பி கேட்கிறான்.

பிறகு நத்தார்ப் பண்டிகைக்குச் சமைக்கவென்று வாத்தியார் களவாக ஒரு வாத்தைக் கொண்டுவந்து குளிக்கிற தொட்டிக்குள் விடுகிறார். சோதனைக்கு ஆள் வருகிறது. வாத்து கத்தும்போதெல்லாம் அதை மறைக்க வாத்தியார் உரத்துப் பாடுகிறார். அவர் பாடப் பாட வாத்தும் சேர்ந்து கத்துகிறது. ஓர் அறைக்குள் ஆறு பேர் கிடக்கிற எங்களுக்கு இந்த வீட்டை விளங்கப் பாஷையா வேண்டும்? விழுந்து விழுந்து சிரித்தோம்.

லிண்ட்னர் அம்மாவும் அந்தப் படத்தில் வருகிறாராம். பத்தொன்பது வயதில், தண்ணீர் வரிசையில் வாளியோடு நிற்கிற கூட்டத்தில் ஒருத்தியாக. கூலி ஒரு பாண். அன்றைக்கு அவருக்குத் தமக்கையை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகவேண்டி இருந்ததால் படத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை.

வேறு புதினம் இல்லை. அத்தானுக்கு என் அன்பு.

உங்கள் தம்பி,
யோகராசா

*

மொன்ட்ரியால்-நோர்
10.6.1986

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். இங்கே வெயில் வந்துவிட்டது, றோசலின் சொக்ஸ் போடமாட்டேன் என்கிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

வாத்துக் கதையை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, "கசெற்றப் பத்தி ஒண்டும் எழுதல்லையா?" என்று கேட்டார். நானும் அதைத்தான் தேடினேன். இரண்டு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அனுப்பிவிட்டாயா? இன்னும் வரவில்லை. தபாலில் தவறியிருந்தால் பதிவு இலக்கத்தை எழுது, இங்கே விசாரிக்கலாம். அம்மாவுக்கு எழுதக் கடதாசி வாங்கி வைத்திருக்கிறேன்.

உடனே பதில் போடு.

அக்கா மலர்

*

மேற்கு ஜெர்மனி
20.7.1986

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே என்று நினைக்கிறேன்.

கசெற் என்னிடம்தான் இருக்கிறது, தொலையவில்லை. ஆனால் ஒரு சிக்கல். இலங்கையிலும் இங்கேயும் தொலைக்காட்சி ஒரு முறை, கனடாவில் வேறு முறையாம். இதை அங்கே போட்டால் கோடு கோடாகத்தான் தெரியும் என்று ஒரு பொடியன் சொன்னான். மாற்றிக் கொடுக்கிற இடம் இங்கே இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள் அக்கா.

அந்தப் படத்தில் வாத்துக்கு என்ன நடந்தது தெரியுமா? நத்தார் வந்துவிடுகிறது. எல்லோரும் பசியில் கிடக்கிறார்கள். ஆனால் கத்தியை எடுத்துக்கொண்டு குளிக்கிற அறைக்குள் போகிற ஒவ்வொருவரும் வெறுங்கையோடு வெளியே வந்து, "இன்னும் கொஞ்சம் கொழுக்கட்டும்" என்கிறார்கள். சிப்பாய் உள்ளே போய் அதற்குத் தன் பாணில் பாதியைக் கொடுத்துவிட்டு வருகிறான். விதவையின் பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்ததை எப்படி அக்கா வெட்டுகிறது?

வேறென்ன. அம்மாவின் கண் நன்றாகத் தெரிகிறது என்று மாமா எழுதியிருந்தார். அவ மட்டக்களப்புக்குத் திரும்பிவிட்டாவாம்.

அன்புடன்,
யோகராசா

*

மொன்ட்ரியால்-நோர்
18.8.1986

அன்பான தம்பி யோகராசாவுக்கு,

அத்தான் மரியதாசன் எழுதுகிறேன். தேவன் கிருபையால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். மலர் தையல் ஃபாக்டரிக்குப் போய்விட்டா. அவவுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்ததும் டவுன்டவுனில் நான் கோப்பை கழுவுகிற ரெஸ்ரோரண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடைக்கு மூவரும் போனோம். எந்த நாட்டுக் கசெற்றையும் இங்கத்தைய முறைக்கு மாற்றிக் கொடுப்பார்களாம். கடைக்காரர் கேட்டதை றோசலின்தான் மலருக்குச் சொன்னாள். அவள் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் பிரெஞ்சு பிடித்துவிட்டாள். "கசெற்றில என்ன இருக்கு எண்டு கேக்கிறார் அம்மா." மலர் அவளைச் சொல்ல விடவில்லை. தானே, "மா மேர்" என்றா. என் அம்மா என்று அர்த்தம். கடைக்காரர் தொப்பியை எடுத்துவிட்டு, கொண்டுவாருங்கள் என்றார்.

ஆகவே மாற்றுகிறது ஒரு சிக்கலே இல்லை. இதை மலர் உனக்கு எழுத வெளிக்கிட்டா. நான் எழுதுகிறேன் என்று சொன்னேன். ஏனென்றால் தம்பி, நீ எதையோ மறைக்கிறாய் என்று எனக்குப் படுகிறது. ஒரு மனிதன் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வாத்தைப் பற்றி இவ்வளவு எழுதமாட்டான்.

என்ன நடந்திருந்தாலும் எனக்குச் சொல். கோபிக்க மாட்டேன். கசெற்றைக் கேட்காமல் மாமிக்கு எழுதமாட்டேன் என்று இவ பிடிவாதமாக நிற்கிறா. எனக்கு அதுதான் பயம். ரெஸ்ரோரண்ட் விலாசத்துக்குப் பதில் போடு.

உன் அத்தான்,
மரியதாசன்

*

மேற்கு ஜெர்மனி
6.9.1986

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

உங்கள் சுகத்தை விசாரிக்கக்கூட எனக்கு முகமில்லை.

கசெற் வந்த அதே வாரம் லிண்ட்னர் அம்மா தனக்காக அந்தப் படத்தைப் பதிந்து வைக்கச் சொல்லி ஒரு புதுக் கசெற் தந்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பொது அறையில் கூடிவிட்டார்கள். படம் தொடங்கப் போகிறது, பொடியள் கத்துகிறார்கள். அலுமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கசெற் இருந்தன. கையில் அகப்பட்டதைப் போட்டு அமத்திவிட்டு நானும் அவர்களோடு இருந்து சிரித்தேன் அத்தான். வாத்து கத்தக் கத்தச் சிரித்தேன். அம்மாவுக்கு மேலால்தான் அது பதிந்துகொண்டிருந்தது.

படம் முடிந்து பெட்டிக்குள் வைக்கும்போதுதான் பார்த்தேன். லிண்ட்னர் அம்மாவின் கசெற் உறை பிரிக்காமல் கிடந்தது. பைத்தியக்காரன் மாதிரித் தொடக்கத்துக்குச் சுற்றி, அங்கிருந்து ஓட்டிப் பார்த்தேன். கலியாணத்தைக் காணவில்லை. எங்கே நிறுத்தினாலும் அந்த வீடும் அந்தச் சனமும்தான். பாதிக்கு மேல் பார்க்க மனம் வரவில்லை, எடுத்துவிட்டேன். அம்மா சொன்னதை நானும் கேட்கவில்லை, அருமைராசாவும் கேட்கவில்லை. அவனை அவ வெளியே அனுப்பிவிட்டா.

அருமைராசாவுக்கு எழுதினேன். சித்திரையில் லீவில் வருவானாம். மற்றக் கண் ஒப்பரேசனுக்கு அம்மாவும் அப்போது கொழும்புக்கு வருவா. திரும்ப எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அதுவரை அக்காவுக்குச் சொல்லாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். எப்படியாவது அம்மாவுக்கு ஒரு கடிதம் போட வையுங்கள்.

யோகராசா

*

மட்டக்களப்பு
28.11.1986

அன்புள்ள மலரக்காவுக்கு,

மாமி மகள் கிளி எழுதிக்கொள்வது. நீங்கள் போகும்போது நான் சின்னப் பிள்ளை. மூன்று வருசமாக நான்தான் மாமியோடு, உங்கள் அம்மாவோடு, இருந்தேன். சண்முகலிங்கம் மாமா அடித்த தந்தி கிடைத்திருக்கும். சுகம் கேட்டு எழுதுகிற கடிதம் இல்லை இது. ஆனாலும் உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மாமிக்குச் சீனி வருத்தம் கூடி, காலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. காய்ச்சல் ஏறின அன்று ஆமிக்காரர் ரோட்டை மறித்துவிட்டார்கள். ரோட்டைத் திறந்த பிறகு வண்டிலில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். காலம் கடந்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். மறுநாள் காலையில் போய்விட்டா. கஷ்டப்படவில்லை. எட்டுச் செலவு, முப்பத்தொன்று எல்லாம் ஊர்ச் சனம் சேர்ந்து செய்கிறது.

இதை எழுதுவதா விடுவதா என்று தெரியவில்லை. கொழும்பால் வந்த பிறகு மாமி தபால்காரனின் மணி கேட்டால் வாசலுக்கு வந்துவிடுவா. "கனடாவால ஒண்டும் வரல்லயாடி?" என்று கேட்பா. ஒருநாள், "மலரக்காக்கு நான் ஒரு கடிதம் போடட்டா மாமி?" என்று கேட்டேன். "வேணாம். நான் சொல்லவேண்டியதச் சொல்லிட்டன். இனி அவள்ற விருப்பம். நீ இதுக்குள்ள வராத" என்றா. என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

ஆவணி, புரட்டாதிக்குப் பிறகு வாசலுக்கு வருகிறதை விட்டுவிட்டா.

உங்கள் துக்கத்தில் பங்குகொள்ளும்,
கிளி

*

மொன்ட்ரியால்-நோர்
5.1.1987

அன்புத் தம்பிக்கு,

நீ தனியே இருந்து அழுதிருப்பாய். உன்னோடு இருக்கக் கிடைக்கவில்லை. சாப்பிடாமல் கிடக்காதே.

தந்தி வந்த அன்று அத்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இரண்டு மாதமாக உன் கடிதத்தை வேலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். "எழுது, எழுது எண்டு எத்தின தரம் சொன்னன் மலர்" என்றார். சொன்னார்தான். ஒவ்வொரு ஞாயிறும் சொன்னார். ஒருநாள் மேசையில் கடதாசியை வைத்து, பேனையையும் திறந்து வைத்தார். எழும்பிக் குசினிக்குள் போனது நான்.

உன்னில் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கசெற்றை அப்படியே எனக்கு அனுப்பு. படம் இருந்தால் இருக்கட்டும்.

அக்கா

*

மேற்கு ஜெர்மனி
1.2.1987

அன்புள்ள அக்கா,

நீங்கள் சுகம் கேட்டு எழுதியதே எனக்குப் பெரிய ஆறுதல். இருக்கிறேன்.

கசெற்றை இத்துடன் அனுப்புகிறேன். அதில் அம்மா இல்லை அக்கா. வீணாக ஆசைப்பட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். அதை அலுமாரியில் பார்க்கும்போதெல்லாம் எறிந்துவிட வேண்டும் என்று தோன்றும். அம்மா இருந்த கசெற் என்று எறியாமல் வைத்திருந்தேன். லிண்ட்னர் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நான் கேட்டிருக்கக்கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்மேல் என்ன பிழை?

படம் பதிந்த உடனேயே அனுப்பியிருந்தாலும் இதுதான் கிடைத்திருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

யோகராசா

*

மொன்ட்ரியால்-நோர்
8.3.1987

அன்புள்ள கிளிக்கு,

நீயும் வீட்டில் எல்லோரும் பத்திரமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம். அம்மாவை நீ பார்த்த மாதிரி நான் பார்க்கவில்லை. அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அம்மா என்ன சொன்னா என்று நீ கேட்டாய், அவ சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். உனக்குச் சொல்கிறேன். நீயும் அத்தானும் நானும் தவிர வேறு ஒருவருக்கும் தெரியவேண்டாம்.

அம்மா கதைத்த கசெற்றுக்கு மேலால் யோகராசா கைதவறி ஒரு ஜெர்மன் பகிடிப் படத்தைப் பதிந்துவிட்டான். அதில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றுதான் அனுப்பினான். அத்தான் கடையில் கொடுத்து, "கடைசி வரைக்கும், நாடா முடியும் வரைக்கும் மாத்துங்கோ" என்று சொல்லி மாற்றுவித்தார். போன சனிக்கிழமை பின்னேரம் மேல் வீட்டு அம்மாவின் டெக்கில் போட்டோம். அவவும் அவவுடைய இரண்டு பிள்ளைகளும் எங்களோடு இருந்தார்கள்.

யோகராசா சொன்ன படம்தான். இடிந்த வீடும், சோக்குக் கோடும், குளிக்கிற தொட்டிக்குள் வாத்தும். பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். வாத்தியாரோடு வாத்தும் பாடுகிற இடத்தில் நானும் சிரித்துவிட்டேன் கிளி. அம்மா செத்து நாலு மாதம் ஆகவில்லை. அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கடைசியில் அந்தச் சனம் எல்லாம் ஒரே மேசையில் இருந்து, வாத்தைக் கதிரையில் இருத்தி, உருளைக்கிழங்கு சாப்பிடுகிறார்கள். பிழையாக எழுதிக் கொடுத்த கிளாக்கருக்கும் வீடு இல்லை. அவரும் பெட்டியோடு வந்து கதவைத் தட்டுகிறார். படம் முடிந்து, நடித்தவர்களின் பெயர் எழுத்துப் போனது. மேல் வீட்டு அம்மா நிற்பாட்ட எழும்பினா. நான் கையைக் காட்டி, இருக்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. முடியும் வரைக்கும் இருப்போம் என்று இருந்தேன்.

திரையில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. பிறகு அம்மா.

ஒரு கண்ணில் பஞ்சு. நல்ல சீலை உடுத்து, நேராகப் பார்த்துக்கொண்டு. பாதி வசனத்தில் வந்தா.

"...அதுதான் மகள், வேற என்ன. மரியதாசனக் கேட்டதாச் சொல்லு. புள்ளயக் கொண்டாந்து காட்டு எண்டு சொல்ல ஏலாது, இஞ்ச நிலம அப்பிடி. இதப் பாத்தா எனக்கு ஒரு வரி எழுது. பாத்திட்டன் எண்டு எழுதினாக் காணும். எழுதாட்டி உனக்கு என்னில இன்னும் கோவம் ஆறல்ல எண்டு நினைச்சுக்குவன். அதுக்கு மேல உனக்குக் கரைச்சல் தரமாட்டன்." பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "டேய் அருமைராசா, முடிஞ்சிது, வா. இந்தச் சிவப்பு லைற் இன்னும் எரியுதே, இது இன்னும் கேக்குதா?" என்றா. அவ்வளவுதான். ஒரு கை வந்து மறைத்தது.

கலியாணம் முடிந்த பிறகு ஏழு வருசத்தில் அத்தானுடைய பெயரை அவ சொல்லி நாங்கள் கேட்டது அதுதான். அவர் எழும்பி யன்னலடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். றோசலின், "அது ஆர் அம்மா?" என்று கேட்டாள். மேல் வீட்டு அம்மாவுக்குப் பாஷை விளங்காது. கேக் தட்டை மெதுவாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனா.

ஆக, அவ வாசலுக்கு வந்து நின்றது என் ஒரு வரிக்காக. நான் கடதாசியை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு, கசெற் வரட்டும் என்று இருந்தேன். நான் இன்னும் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறா. ஆவணி, புரட்டாதிக்குப் பிறகு வாசலுக்கு வரவில்லை என்று எழுதியிருந்தாயே. அதற்கு முதல் ஒருநாள் எழுதியிருந்தாலும் காணும்.

யோகராசா அன்றைக்கே, கெட்டுப்போனபடியே அனுப்பியிருந்தால் இந்தத் துண்டு எனக்கு அவ உயிரோடு இருக்கும்போது கிடைத்திருக்கும். இது அவனுக்குத் தெரிந்தால் அந்தத் தனிமைக்குள் அவன் என்ன செய்வானோ. நீ அவனுக்கு எழுதினால், அம்மா என் கடிதத்துக்குக் காத்திருந்தா என்று ஒரு சொல்லும் எழுதாதே. ஏற்கனவே எழுதியிருந்தால் எனக்குச் சொல்.

கவனமாக இரு கிளி. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன் மலரக்கா

*

மொன்ட்ரியால்-நோர்
10.3.1987

என் அன்புத் தம்பி யோகராசாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உன் உடம்பு எப்படி? நித்திரை வருகிறதா? அடுத்த கடிதத்தில் உண்மையாக எழுது.

கசெற் வந்தது. கடையில் மாற்றி, மேல் வீட்டில் எல்லோரும் இருந்து பார்த்தோம். நீ எழுதினதைவிட நல்ல படம். பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள், நானும் சிரித்தேன். றோசலின் இப்போது குளிக்கப் போகும்போதெல்லாம் வாத்து மாதிரிக் கத்துகிறாள். அத்தானும் அவளோடு சேர்ந்து பாட்டு வாத்தியாராகிவிடுகிறார். வீட்டில் கன நாளைக்குப் பிறகு சத்தம் கேட்கிறது.

தண்ணீர் வரிசையை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வாளியோடு ஒரு மெல்லிய பெண், சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துக்கொண்டு எங்களையே பார்க்கிறாள். லிண்ட்னர் அம்மா அவதான் என்று நினைக்கிறேன். அவவிடம் சொல், அழ வேண்டாம், அவ கேட்டதில் ஒரு பிழையும் இல்லை என்று. அவ தன்னை இன்னும் பார்க்கவில்லைத்தானே. கடைக்காரரைக் கொண்டு உங்கள் நாட்டு முறையிலேயே படத்தை இன்னொரு கசெற்றில் எடுப்பித்து இத்துடன் அனுப்புகிறேன். அவவுக்குக் கொடு. நீயும் கூட இருந்து பார். முதலாவது கசெற் என்னிடம் இருக்கட்டும். அம்மா இருந்தது என்று நீ வைத்திருந்த மாதிரி நானும் வைத்திருக்கிறேன்.

இனி என்னிடம் ஒன்றையும் மறைக்காதே. எது கெட்டுப்போனாலும் மறுநாளே எழுது. நானும் அப்படியே செய்கிறேன்.

கடைக்காரர் எதுவரை பதிய வேண்டும் என்று கேட்டார். எழுத்துப் போய் முடிகிற இடத்தோடு நிற்பாட்டச் சொன்னேன். நீ சொன்னது சரிதான் தம்பி. அதற்குப் பிறகு அதில் ஒன்றும் இல்லை.

உன் சுகத்தைக் கேட்டுக் காத்திருக்கும்,
அக்கா மலர்